இருட்டுக்குப் பயந்தவள்

உட்காருங்கள் சார். பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஜன்னலோரம் நீங்களே போய்விடுங்கள், எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. எழுந்தால் கம்பி கைக்கு வரும். மிக்சியா அது? ரிப்பேருக்குக் கொண்டுவந்தீர்களா? சரி, சரி. கோத்தகிரிதானே? நானும் அங்கேதான். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுமில்லையா? சும்மா கேட்டேன்.

காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டியது. வீட்டில் செருப்பை ஒளித்துவைத்துவிட்டாள். சிரிக்காதீர்கள். பேத்தி எடுத்தவள் சார், புருஷன் வெளியே போய்விடக் கூடாதென்று செருப்பை ஒளித்துவைக்கிறாள். காலில் இருக்கிறதே, இது பக்கத்து வீட்டுக்காரருடையது. கொஞ்சம் பெரிது, கழன்று கழன்று வருகிறது. பரவாயில்லை.

நீங்கள் வெளிநாடு எங்கேயாவது போயிருக்கிறீர்களா? மஸ்கட்டா? அப்படியானால் பாஸ்போர்ட் இருக்கும். காலாவதி ஆகவில்லையே? நல்லது. நல்லது. இல்லை, சும்மாதான்.

என் பேர் நஞ்சப்பன். கோபி. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோபியிலிருந்து சத்தி வரைக்கும் எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரிந்தாலும் அதில் என் கை கொஞ்சம் இருக்கும். இப்போது போவது ரெஜினா டீச்சர் வீட்டுக்கு. கோத்தகிரியில் சயன்ஸ் டீச்சராக இருந்தார்கள், தெரியுமா? தெரியாதா? உங்கள் ஊரில் அவர்களைத் தெரியாதவர்களும் இருக்கிறார்களா! டீச்சர்தான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவி. பறவை பார்க்கிற கூட்டம். பறவை என்றால் மயில், கொக்கு, மீன்கொத்தி அல்ல. ராத்திரிப் பறவை. ராத்திரிப் பறவை மட்டும். அதுவும் வெளிநாடு போய்.

கேட்பீர்கள் என்று தெரியும். எல்லோரும் கேட்கிறதுதான். இங்கே ஆந்தை இல்லையா, இதைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா என்று. இருக்கிறது. எங்கள் வீட்டு வேப்பமரத்திலேயே புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று குடியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் இரண்டும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பாருங்கள், ஊரில் இருட்டு இல்லை. நாங்கள்தான் விடவில்லையே. மூலைக்கு மூலை கம்பம் நட்டு விளக்குப் போட்டோம். விளக்கடியில் பூச்சி பிடித்துத் தின்கிற ஆந்தை ராத்திரிப் பறவை இல்லை சார், அது நைட் ஷிப்ட் பார்க்கிற பறவை.

இருட்டு என்றால் என்ன என்று போர்னியோ காட்டில்தான் எனக்குத் தெரிந்தது. நம் கை நமக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் மூச்சு விடுவது கேட்கும், ஆள் தெரியாது. டாக்டர், வக்கீல், டீச்சர், எல்லோரும் ஒன்றுதான். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லோரும் தடவிக்கொண்டுதான் நிற்பார்கள். அந்த நிம்மதி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது. அப்புறம் வழிகாட்டி டார்ச்சை அடிப்பான். ஒரே ஒரு வட்ட வெளிச்சம். அந்த வட்டத்துக்கு நடுவில், அதுவரைக்கும் உலகத்திலேயே இல்லாத மாதிரி இருந்த ஒன்று, உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். அது எதுவும் செய்ய வேண்டாம் சார். சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும்.

டிக்கெட்டா? இந்தாங்க, கோத்தகிரி ஒன்று. ஏனுங்க கண்டக்டர், அஞ்சரைக்குள்ள போயிருமில்லைங்க? பார்த்தீர்களா, பதில் சொல்லாமல் போகிறான்.

இந்தத் தடவை கோஸ்டாரிகா. தென்னமெரிக்காவுக்கு மேலே, ஒடுக்கமாக ஒரு நிலம் இருக்குமே, அங்கே. அங்கே போட்டூ என்று ஒரு பறவை. தமிழில் அதற்குப் பேர் கிடையாது. பகலில் முறிந்த மரத்தின் நுனியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உடம்பை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி, கண்ணை மூடிவிட்டால் அதுவும் மரம்தான். காக்கை வந்து மேலே உட்கார்ந்தாலும் அசையாது போல. இதில் விசேஷம் என்ன தெரியுமா? மூடின இமையில் சின்னதாக வெட்டு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே அது பார்த்துக்கொண்டிருக்கும். ராத்திரி ஆனால் கண்ணைத் திறக்கும். முகத்தில் பாதி கண்தான். மஞ்சள் கண், வெளிச்சம் பட்டால் நெருப்புத் துண்டு. உட்கார்ந்த கட்டையிலேயே உட்கார்ந்திருக்கும். பூச்சி பிடிக்கக் கிளம்பினாலும் திரும்ப அங்கேயே வந்து உட்காரும். மற்றப் பறவை மாதிரி, இதோ என்று காட்டி நாம் பைனாகுலரைத் தூக்குவதற்குள் பறந்துபோகிற ஜாதி இல்லை. தேட வேண்டாம். காத்திருந்தால் போதும். அதுதான் எனக்கு வேண்டும்.

குரல் கேட்கிறீர்களா? போனில் இருக்கிறது. ஒரு நிமிஷம். இந்தப் பட்டன் எங்கே போச்சு. ஆ, கேளுங்கள்.

எப்படி? மேலே ஆரம்பித்து, படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு சுரமாக இறங்கி வருகிறது பாருங்கள். யாரோ நம் வீட்டுக் கதவைத் தட்டாமல் வெளியிலேயே நின்று அழுகிற மாதிரி. ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? என்ன கண்டக்டர்?

"பெருசு, பேயி கீயி வளக்கறீங்களா? பொறகால ஒரு கொழந்த அழுவுது, நிறுத்துங்க."

நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலையில் கோஸ்டாரிகாவுக்கு டிக்கெட் போடுகிறார்கள். யார் யார் போகிறார்கள் என்பதை டீச்சர் இன்றைக்கு முடிவு செய்கிறார்கள். அதில் என் பேர் இல்லை. கூட்டத்தை ஆரம்பித்ததே நானும் டீச்சரும்தான் சார். என் பேர் இல்லை! போனில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நஞ்சப்பன் சார், அம்மா வந்தா வாங்க. இல்லீன்னா உங்க கூடவே இருக்கற மாதிரி துணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. தனியா உங்களக் கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியமில்லீங்க." அம்மா என்றது ருக்குமணியை. என் வீட்டுக்காரியை.

இது பழி வாங்குவது. வேறென்ன? காரணம் சொல்கிறேன். முன்பு இலங்கைக் காட்டுக்குப் போயிருந்தோம். டீச்சருக்குக் காய்ச்சல், அறையிலேயே படுத்துவிட்டார்கள். நாங்கள் காட்டுக்குள் போய், அங்கே மட்டும் இருக்கிற ஒரு குட்டி ஆந்தையைப் பார்த்துவிட்டு வந்தோம். வந்தால் டீச்சர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "ஜன்னலுக்கு வெளியே கத்துச்சுங்க, ரொம்ப நேரம், நல்லாக் கேட்டேன்" என்றார்கள். முகமெல்லாம் சந்தோஷம். நான் சொன்னேன், கேட்டது கணக்கில்லை டீச்சர், பார்த்தால்தான் கணக்கு. எங்கள் கூட்டத்துக்கு அந்த விதியைப் போட்டதே நான்தான். கேட்டதையெல்லாம் கணக்கில் எடுத்தால் அப்புறம் எதற்கு விமானம் ஏற வேண்டும்? வீட்டில் ரேடியோ கேட்கலாமே. டீச்சர் சிரித்தார்கள். "சரிங்க சார், அடுத்த ஜென்மத்துல பாத்துக்கறேன்" என்றார்கள். சிரித்துக்கொண்டே மனசில் வைத்திருந்திருக்கிறார்கள். அதைத்தான் இப்போது காட்டுகிறார்கள்.

என்னங்க, பஸ் நின்றுவிட்டதே? குஞ்சப்பனை ஊரைத் தாண்டியாச்சா? வளைவில் லாரியா? எவ்வளவு நேரம் ஆகும்? ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்களேன். முன்னால் நிறைய வண்டி நிற்கிறதா? அடக் கடவுளே. இன்றைக்குப் பார்த்தா.

இல்லை சார், பதற்றமெல்லாம் இல்லை. டீச்சர் வீட்டுக்கு ஸ்டாண்டிலிருந்து கீழே படி இறங்கிப் போக வேண்டும். பகலில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தப் படியில் கைப்பிடி கிடையாது, அதற்குத்தான்.

போர்னியோவில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். நீங்கள் மூன்றாம் மனுஷர். போன வருஷம். காட்டுக்குள் பலகை போட்ட நடைபாதை. முன்னால் வழிகாட்டி, பின்னால் வரிசையாக நாங்கள். ருக்குமணிக்கு இருட்டென்றால் பயம். முன்பெல்லாம் இல்லை, இந்த மூன்று நான்கு வருஷமாகத்தான். சாயங்காலம் ஆகிவிட்டால் என் கையைப் பிடித்துக்கொள்வாள், விடவே மாட்டாள். எங்கள் தெருவிலேயே அப்படித்தான். அதோடு பேசிக்கொண்டே வருவாள். "இங்க ஒரு கல்லு இருக்குதுங்க. படி வருதுங்க, ரெண்டு. வலப்பக்கம் ஒரு நாய் படுத்திருக்குதுங்க." பயந்தவர்கள் அப்படித்தானே, வாய் ஓயாது. எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும். அம்மணி, கொஞ்சம் சும்மா வா, பறவை பறந்துடும் என்பேன். அப்போது பேச்சை நிறுத்திவிட்டு, கல் வரும் இடத்தில் கையை அமுக்குவாள். அவ்வளவு பயம்.

அன்றைக்கு நாங்கள் தேடிப் போனது தவளைவாயன். தவளை மாதிரி அகன்ற வாய், மீசை வைத்த முகம். வழிகாட்டி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டான், கிடைக்கவில்லை. சின்னப் பையன், என்ன தெரியும் அவனுக்கு. எனக்குக் கேட்டது சார். ஒரே ஒரு சத்தம். நாம் உதட்டைச் சேர்த்து ஊதினால் வருமே, அவ்வளவுதான். வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் அவன் தோளைத் தொட்டு, கையை நீட்டிக் காட்டினேன். அங்கே, இடது பக்கம், ரெண்டாள் உயரம். டார்ச் அடித்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். டீச்சர் என் காதில், "சார், உங்களால கெடச்சதுங்க" என்றார்கள். இன்றைக்கு என்னை வேண்டாம் என்கிற அதே டீச்சர்.

நான் பார்த்தேனா என்றா கேட்கிறீர்கள்? பார்த்தேன். பைனாகுலரைத் தூக்கினேன், பார்த்தேன். பழுப்பு நிறம். மீசை. மேலே வெள்ளைப் புள்ளி. என்னைப் பார்த்தது. எல்லாம் தெரிந்தது. பார்த்தேன் என்று சொன்னேனே.

மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பேசினேன். அது எப்படி உட்கார்ந்திருந்தது, எப்படித் தலையைத் திருப்பியது என்று நான் சொல்லச் சொல்ல டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது திருப்பூர்க்காரர் ஒருவர், பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், "அந்தக் குஞ்சுதானுங்க என்னால மறக்க முடியல, பஞ்சு உருண்டையாட்டம்" என்றார். நான், எந்தக் குஞ்சு என்று கேட்டுவிட்டேன்.

தட்டில் கரண்டி படுகிற சத்தம்தான். அப்புறம் திருப்பூர்க்காரர் போட்டோவை எடுத்து நீட்டினார். இருந்தது. தாயும் குஞ்சும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே கிளையில். நான் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ருக்குமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்குந்தானுங்க தெரியல. நாங்க நின்ன பக்கம் எல மறச்சுருச்சு" என்றாள். கேட்டீர்களா? அவளுக்கே தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றவள். அவளுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? கோணம்தான் காரணம். நான் சொன்னேன், டீச்சரும் ஆமாங்க என்றார்கள்.

ஊருக்கு வந்த பிறகு ருக்குமணி பேத்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். எனக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே. "குட்டிப் பறவ கண்ணு, அம்மா நெஞ்சுல மொகத்தப் பொதச்சுக்கிட்டு ஒத்தக் கண்ணால மட்டும் எங்களப் பாத்துச்சு" என்றாள். குழந்தைக்காகக் கட்டிச் சொல்லியிருப்பாள். பெண்கள் அப்படித்தான். ஆனால் ஒற்றைக் கண்ணால் என்று சொன்னாள் பாருங்கள். போட்டோவில் அந்தக் குஞ்சின் கண் மூடியிருந்தது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

லாரியை எடுத்துவிட்டார்களா? இன்னும் இல்லையா? மணி என்ன? ஓ. கண்டக்டர்! உள்ளே லைட்டைப் போடச் சொல்லுங்களேன். போட்டுத்தான் இருக்கிறதா? இந்த மஞ்சள் பல்பு எரிவதற்கு எரியாமலே இருக்கலாம்.

அப்புறம் போர்னியோவில் இரண்டாம் நாள் ராத்திரி. அதைத்தான் எல்லோரும் பெரிதாக்குகிறார்கள். அதே பலகைப் பாதை. வலது பக்கம் ஏதோ கூப்பிட்டது. இதுவரை கேட்காத குரல். நான் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தேன், அவ்வளவுதான். ருக்குமணி "ஏனுங்க" என்று ஒரு கத்துக் கத்தினாள். பயத்தில் துள்ளிவிட்டாள். துள்ளினவள் கையை விட்டிருக்கலாமே, விடவில்லை. இரண்டு பேரும் சேற்றில் கிடந்தோம். நான் மேலே, அவள் கீழே. எனக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு மணிக்கட்டு போய்விட்டது. வலது கை. இரண்டு இடத்தில் முறிவு. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு டீச்சரிடம் அவளே சொன்னாள், "நாந்தானுங்க வழுக்கிட்டேன், அவரு என்ன பண்ணுவாரு" என்று. அவள் வாயாலேயே சொன்னாள் சார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இப்போது தகடு வைத்திருக்கிறது. குடம் தூக்க முடியாது. சப்பாத்தி தேய்க்க முடியாது. நான்தான் தேய்க்கிறேன். அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

வந்த பிறகு கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எலும்பு டாக்டரிடம் என்று நினைத்துத்தான் நான் போனேன். போனால் கண் ஆஸ்பத்திரி. கண் யாருக்கு என்றால் எனக்காம். கூட்டிக்கொண்டு போன விதத்தைப் பாருங்கள்.

அங்கே ஒரு சோதனை. மங்கலான அறை. ஒரு எந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லி, ஒரு வெள்ளைக் குண்டானுக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். கையில் ஒரு பட்டன். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், வந்தால் அமுக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வந்தது. அப்புறம் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். புள்ளி வருவதற்கு முன்னால் எந்திரத்துக்குள் சின்னதாக ஒரு சத்தம். கிளிக் என்று. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நான் என்ன செய்தேன், கிளிக் கேட்டதும் அமுக்கினேன். கேட்க, அமுக்க. கேட்க, அமுக்க. எந்திரத்தையே ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். தாளைப் பார்த்துவிட்டு, "சார், வெளிச்சமே வராதப்பக்கூட அமுக்கியிருக்கீங்களே" என்றாள். அந்த எந்திரம் நடுநடுவே வெறும் சத்தத்தை மட்டும் போடுமாம். வெளிச்சம் காட்டாதாம். அமுக்குகிறவன் உண்மையிலேயே பார்த்து அமுக்குகிறானா என்று பிடிப்பதற்காக. இது என்ன நியாயம் சார்? நாங்கள் காட்டில் ஒரு வேலை செய்வோம். பறவையின் குரலைப் போனில் போடுவோம், இப்போது உங்களுக்குப் போட்டேனே, அது மாதிரி. பறவை தன் ஜாதி இன்னொன்று வந்திருக்கிறதென்று நம்பி வெளியே வரும். வந்தால் ஒன்றும் இருக்காது. வெறும் சத்தம். வந்த பறவை கிளையில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பித் தேடும். அதை நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த வேலையை அந்த எந்திரம் எனக்குச் செய்துவிட்டது.

இரண்டாவது தடவை காதில் பஞ்சை வைத்துச் சோதித்தார்கள்.

அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள். முதலில் ராத்திரிப் பார்வை போகும் என்றாள். அப்புறம் ஓரம் சுருங்கிக்கொண்டே வரும் என்றாள், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அப்புறம் அந்தக் குழாயும். எவ்வளவு நாள் என்றேன், சொல்ல முடியாது என்றாள். சொல்ல முடியாதவளுக்கு எதற்குச் சோதனை? ஆனால் கிளம்பும்போது நல்ல வார்த்தை ஒன்று சொன்னாள். "பாக்கணும்னு ஆசைப்படறதெல்லாம் தள்ளிப் போடாதீங்க சார்" என்றாள். ருக்குமணி பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டாக்டரே சொல்லியாகிவிட்டது. இனி என்ன தடை? கார் வரும் வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். அழாதே, கோஸ்டாரிகா போகலாம் என்றேன். அப்போதுதான் சொன்னாள், "இனி என்னால முடியாதுங்க. எனக்கு ஒரு கைதானுங்க இருக்குது."

ஒரு கை போதாதா சார்? பயப்படுகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை போதாதா?

கெஞ்சினேன். இதுவரை அவளிடம் நான் எதற்கும் கெஞ்சியதில்லை. இது கடைசி என்றேன். மாட்டேன் என்றால் மாட்டேன்தான். "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தக் காட்டுல நான் யாரக் கூப்புடுவேன்" என்றாள். மகனைக் கேட்டேன். ஓசூரில் இருக்கிறான். "அப்பா, யூட்யூப்ல அந்தப் பறவ நல்லாவே இருக்குது, பெருசு பண்ணிப் பாருங்க" என்றான். டீச்சரும் ஒரு வழி சொன்னார்கள். பகலிலேயே அது உட்காருகிற கட்டை எதென்று அங்கே தெரியுமாம், பகலில் போய்ப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடலாமாம். பகலில் பார்ப்பதற்கு அது பறவையா? பகலில் அது கட்டை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஒன்றை நான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். எனக்கு அது கண்ணைத் திறக்க வேண்டும் சார். நான் நேராக நிற்பேன், அது நேராக உட்கார்ந்திருக்கும், நடுவில் டார்ச் வெளிச்சம். குழாய் என்றாளே டாக்டரம்மா, அந்தக் குழாய்க்குள் சரியாக அது இருக்கும். இருக்கும். இருந்தே ஆக வேண்டும். அப்படியே எனக்குக் கொஞ்சம் மசமச என்று இருந்தாலும், அது என்னைப் பார்க்குமில்லையா? அவ்வளவு பெரிய கண். அது பார்த்துவிடும். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாதே.

கிளம்பிவிட்டதா? கிளம்பிவிட்டது. அப்பாடா. டிரைவர் கொஞ்சம் விரட்டினால் தேவலை. வெளியே மேகம் இறங்கிவிட்டதா? எதிரில் வருகிற வண்டியின் விளக்கு மட்டும் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. மேகமாகத்தான் இருக்கும். மேகம் இல்லையா? சரி.

போன் அடிக்கிறது. எடுக்க வேண்டாம். அவள்தான். மேட்டுப்பாளையத்தில் ஏறினதிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறாள். செருப்பை எடுத்து வைக்காமல் ஒளித்துவைத்தவள்தானே, அடிக்கட்டும்.

சார், ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே?

நீங்கள் மஸ்கட்டில் இருந்தவர். விமானம் புதிதில்லை. பாஸ்போர்ட் இருக்கிறது. வேலையை விட்டு வந்து சும்மாதான் இருக்கிறேன் என்றீர்கள். இல்லை, நீங்கள் சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன். கோஸ்டாரிகா அருமையான ஊர் சார். பச்சைப்பசேல் என்று இருக்கும். சோறும் பயறும்தான் அங்கே சாப்பாடு, நமக்கு ஒத்துக்கொள்ளும். செலவைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம். பறவை பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம், நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள். ராத்திரியில் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நடந்தால் போதும். பத்து நாள். அதற்குப் பிறகு நான் உங்களைத் தொந்தரவு செய்யவே மாட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்போதே முடிவு சொல்ல வேண்டாம். இன்றைக்கு டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் வாருங்கள், அது போதும். இவர்தான் என் துணை, கோஸ்டாரிகா வருகிறார் என்று நான் சொல்வேன். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் என் பேரைச் சேர்த்துவிட்டால் அப்புறம் நான் பார்த்துக்கொள்வேன். யாராவது கிடைப்பார்கள். கிடைக்காவிட்டால்... யாராவது கிடைப்பார்கள்.

மிக்சிக்காக வீட்டில் காத்திருப்பார்களா? எவ்வளவு நேரம் ஆகிவிடும் சார், படி இறங்கினால் டீச்சர் வீடு. என் மேல் சத்தியமாகப் பக்கம்தான். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். இல்லை, பஸ்ஸில் வேண்டாம், சரி. மெதுவாகப் பேசுகிறேன்.

வந்துவிட்டதா? எல்லோரும் இறங்குகிறார்களா? நீங்கள் முன்னால் இறங்குங்கள். அந்தக் கம்பி எங்கே? இதோ. ஒரு படி. இன்னொன்று இருக்கிறதா? இருக்கிறது. செருப்பு கழன்றுவிட்டது, கொஞ்சம் இருங்கள். உங்கள் காலடியில் கிடக்கிறதா? நன்றி சார்.

என்ன, ஸ்டாண்டே இருட்டாக இருக்கிறது? கரண்ட் போயிருக்கிறதா?

எரிகிறதா? ஆமாம், எரிகிறது. மேலே பல்பு தெரிகிறது. ஒன்று, அங்கே ஒன்று. பல்பு தெரிகிறது, ஆனால் அது கீழே ஒன்றையும் காட்டவில்லையே. லோ வோல்டேஜ். வேறொன்றுமில்லை. மலைப் பிரதேசத்தில் லைன் நீளம், கடைசிக் கம்பத்துக்கு வரும்போது அழுத்தம் குறைந்துவிடும். எங்கள் காலத்தில் இப்படி விட்டுவைக்க மாட்டோம். நாளைக்கு உங்கள் ஊர் மின்வாரிய ஆபீசில் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள்.

சார்? இருக்கிறீர்களா?

போய்விட்டீர்களோ என்று நினைத்தேன். மூச்சு வாங்குகிறதே உங்களுக்கு. புதுசாக ஒருவருடன் இருட்டில் நடப்பதென்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். பயப்படாதீர்கள். நான் இதில் பழகினவன். மிக்சியை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, இந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படித்தான். இன்னும் கொஞ்சம் இறுக்கி. படி எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள், அந்தப் பக்கமே போகலாம். கல், பள்ளம் ஏதாவது இருந்தால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பயம் தெரியாது. ருக்குமணி அப்படித்தான் செய்வாள்.